பத்து வாரம் நிற்கப் போகும் வண்டி

ஓடுகிற வண்டியைப் பார்த்துக்கொள்வது சுலபம், நிற்கிற வண்டியைப் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம் என்பார் ஜானகிராமன். சாரம் பகுதியில் முப்பத்தோரு வருடமாகக் கார் பட்டறை வைத்திருப்பவர். அது எப்படி என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு விளக்க ஆரம்பித்துவிடுவார். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் எஞ்சினுக்குள் எண்ணெய் சுற்றும், பேட்டரி தன்னைத்தானே நிரப்பிக்கொள்ளும், டயர் ஒரே இடத்தில் அழுந்தாமல் உருளும், பிரேக்கில் படியும் துருவை பிரேக்கே தேய்த்து எடுத்துவிடும். நிறுத்திவிட்டால் இவ்வளவும் நின்றுபோகும். நிற்காதவை இரண்டே இரண்டு, ஈரமும் எலியும். அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில், கடலுக்கு ஏழெட்டுத் தெரு தள்ளி ஒரு வண்டியைப் பூட்டி வைப்பதென்றால், யோசித்துச் செய்ய வேண்டிய வேலை.

பட்டறைக்கு வேறொரு பெயரும் இருந்தது. அவரிடம் போனால் எதையும் மாற்றச் சொல்ல மாட்டார், இருப்பதை வைத்தே ஓட்டிக் கொடுத்துவிடுவார் என்று ஊரில் பேச்சு. உயிர் இருக்கிற பாகத்தைக் கழற்றி எறிவது அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொரு பாகமும் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்காகச் சொல்வார். பெரும்பாலும் சொன்ன நாள் வரை தாங்கவும் செய்யும்.

அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் முல்லா வீதியில் அன்வருதீன் வீட்டு ஷெட்டுக்கு முன்னால் வந்து நின்றபோது, அந்தப் பேச்சுதான் அவரை உறுத்தியது.

அன்வருதீன் பிரம்பு நாற்காலி, ஊஞ்சல் செய்து விற்கும் கடை வைத்திருந்தவர். பதினான்கு வருடமாக அவருடைய வெள்ளை வேகன்-ஆர் காருக்கு ஜானகிராமனைத் தவிர வேறு யாரும் கை வைத்ததில்லை. ஜூலை பத்தொன்பதாம் தேதி வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, காலையில் ஸ்டார்ட் ஆகக் கொஞ்சம் முனகுகிறது, பேட்டரியை மாற்றிவிடலாமா என்று கேட்டார். ஜானகிராமன் மீட்டர் வைத்துப் பார்த்தார். பேட்டரி இளைத்துத்தான் இருந்தது. ஆனால் முழுக்கச் செத்துவிடவில்லை. இப்போது எதற்கு பாய், தீபாவளி வரைக்கும் ஓடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி விடியற்காலை மூன்றரை மணிக்கு அன்வருதீனுக்கு நெஞ்சுவலி வந்தது. மனைவி கரீமாதான் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். டிக் டிக்கென்ற சத்தம் மட்டும் வந்தது. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, மகள் ரூமானாவும் அவளும் வண்டியைத் தள்ளிப் பார்த்தார்கள். ஆம்புலன்சும் வரக் காணோம், பிறகு ரூமானா தெருமுனைக்கு ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்து வந்தாள். எல்லாமாக இருபத்தைந்து நிமிடம். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்த இருபத்தைந்து நிமிடம் மிச்சமாகியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. ஜானகிராமனுக்கும் தெரியாது. அடக்கத்தன்று, புதைக்கும் இடமான மையத்துக் கொல்லை வாசலில் நின்றபோது, துபாயிலிருந்து வந்திறங்கிய மகன் ஹாதி, பேட்டரி எறங்கிப் போச்சு மாமா என்று போகிற போக்கில் சொன்னான். ஜானகிராமன் தலையை மட்டும் ஆட்டினார். பட்டறையில் தான் சொன்ன வார்த்தை அன்வருதீனோடு போய்விட்டது, வேறு யாருக்கும் தெரியாது என்பது அப்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு மாதமாக அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கரீமா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகாமல், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது. டிசம்பர் இரண்டாவது வாரம் முடிகிறது. ஹாதி லீவு முடிந்து போன வாரம்தான் துபாய்க்குத் திரும்பியிருந்தான். ரூமானாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே இன்னும் பத்து வாரத்துக்கு வண்டி ஷெட்டிலேயே நிற்க வேண்டும். ஹாதி வண்டியை விற்றுவிடலாம் என்றான். கரீமா முடியாது என்றாள். ஐம்பத்திரண்டு வயதில் அந்த வண்டியில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள், கற்றுக்கொடுத்தவர் அன்வருதீன். இத்தா முடிந்ததும் தானே ஓட்டப் போவதாகச் சொல்லிவிட்டு, ஜானகிராமனுக்குப் போன் போடச் சொன்னாள்.

அவர் வந்து பார்த்தால் ஷெட்டின் வாசலுக்குக் குறுக்கே நைலான் கயிறு கட்டி, பச்சைப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். போர்வைக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ரூமானா போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"மாமா, அம்மா தானே செய்யணும்னு ஒரே பிடிவாதம். நீங்க இங்க ஒக்காந்து சொன்னா போதுமாம்."

அம்மா உள்ளே போய் இருக்கட்டும், ஒரு மணி நேரத்தில் தானே முடித்துக் கொடுத்துவிடுவதாக அவர் சொன்னார். பதில் போர்வைக்குப் பின்னாலிருந்து வந்தது.

"அண்ணே, அன்னிக்கு சாவியத் திருப்பறதத் தவிர எனக்கு இந்த வண்டியில ஒண்ணும் தெரியல. பள்ளிவாசல் ஹஜ்ரத்து கிட்டயும் கேட்டுட்டேன், மறப்பு வெச்சிட்டு அவசியத்துக்குப் பேசறதுல தப்பில்லன்னாரு. நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்."

ஜானகிராமன் உட்கார்ந்தார். கருவிப் பையை ரூமானா உள்ளே எடுத்துப் போனாள்.

முதலில் பெட்ரோல் டாங்க் நிறைந்திருக்கிறதா என்று கேட்டார். ஹாதி ஊருக்குப் போகுமுன் நிரப்பி வைத்திருந்தான். பத்து வாரம் நிற்கும் வண்டிக்கு எதற்கு முழு டாங்க் என்று கரீமா கேட்டாள். அவருக்குப் பிடித்த மாதிரிக் கேள்வி. பாதி டாங்க் என்றால் மீதிப் பாதியில் காற்று. மழைக்காலத்துக் காற்றில் தண்ணீர் இருக்கும். இரவில் டாங்க் குளிர்ந்தால், குளிர்ந்த செம்பின் வெளியே முத்து முத்தாக வேர்க்கிறதே, அதுபோல டாங்கின் உள்ளே வேர்க்கும். அந்தத் தண்ணீர் பெட்ரோலில் இறங்கும். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது வேறு ஈரத்தை இழுக்கும். டாங்க் நிறைந்திருந்தால் காற்றுக்கு இடமில்லை, வேர்ப்பதற்கும் இடமில்லை. சொல்லிக்கொண்டு போகையில் அந்த உறுத்தல் கொஞ்சம் மறந்துபோனது.

அடுத்தது டயர். கால் பம்பை ரூமானா எடுத்து வைத்தாள். ஓட்டும்போது காற்று முப்பத்து மூன்று பவுண்டு இருந்தால் போதும், நிற்கும்போது முப்பத்தெட்டு வைக்க வேண்டும். எண்ணூறு கிலோ வண்டி நாலு உள்ளங்கை அகலத்தில் உட்கார்ந்திருக்கிறது. காற்று குறைந்தால் அந்த இடம் தட்டையாகி, பிறகு ஓட்டும்போது தட் தட்டென்று அடிக்கும். கரீமா மிதிக்க ஆரம்பித்தாள்.

"முள்ளு நகரவே மாட்டேங்குதே. உங்க பட்டறையில ஓடாத கடியாரம் மாதிரி இருக்கு."

"நிப்பாட்டுங்க. வால்வு மேல சரியா ஒக்காரல. காத்து சீறுது."

"போர்வைக்கு இந்தப் பக்கமும் கண்ணு இருக்கா?"

"காதும்மா."

அது உண்மைதான். அரை மணி நேரத்தில் அவருக்கு உள்ளே நடப்பதெல்லாம் பார்ப்பது போலவே ஆகிவிட்டது. கரீமா எந்தச் சக்கரத்தருகே குனிகிறாள், எப்போது நிமிர்கிறாள், எந்தக் கதவைத் திறக்கிறாள் என்று செருப்புச் சத்தத்திலேயே பிடித்தார். கை பிரேக்கை இறக்கிவிடச் சொன்னார். மழையில் பிரேக் கட்டை டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் வண்டியை இழுத்தாலும் வராது. அதற்குப் பதில் முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைக்கச் சொன்னார். செங்கல்லை ரூமானா காலில் போட்டுக்கொண்டு முனகியது, கரீமா அதற்கு ஏதோ அடங்கிய குரலில் சிரித்தது, எல்லாம் கேட்டது. இரண்டு மாதத்தில் அம்மா சிரித்து இன்றுதான் கேட்கிறேன் என்று பிறகு டீ கொண்டு வந்தபோது ரூமானா அவரிடம் மெல்லச் சொன்னாள். அதைக் கேட்க அவருக்குச் சந்தோஷமாக இல்லை.

எலிக்கு வழி சொல்லும்போது கரீமா நம்பவில்லை. புகைபோக்கியைத் துணி உருட்டி அடைத்து, அடைத்திருப்பது மறக்காமலிருக்க ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டச் சொன்னார். அது சரி என்றாள். எஞ்சின் மேல் நாலு இடத்தில் காய்ந்த புகையிலையைச் செருகச் சொன்னதும், இது மெக்கானிக் வேலையா மந்திரவாதி வேலையா என்று கேட்டாள். ஒயரின் மேலிருக்கும் உறை எலிக்குப் பிடிக்கும், புகையிலை நெடி பிடிக்காது, அவ்வளவுதான் என்றார். ஊரில் நூறு வண்டிக்காவது எலி கடித்த ஒயரை அவர் மாற்றியிருப்பார். புகையிலை வைத்த வண்டி அதில் குறைவு.

வண்டியின் உள்ளே வேலை மெதுவாக நடந்தது. கால் மிதியை எடுத்து வெயிலில் போட வேண்டும். சீட்டுக்கு அடியில் தின்பண்டத் துணுக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. கண்ணாடியை ஒரு நூல் அளவு இறக்கி வைத்து, அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து உள்ளே வைக்க வேண்டும், ஈரத்தைக் கரி குடித்துக்கொள்ளும். டிரைவர் சீட்டில் அன்வருதீன் தன் முதுகுக்கென்று தானே பின்னிய பிரம்புச் சாய்மானம் ஒன்று இருந்தது. அதை எடுக்கணுமா என்று கரீமா கேட்டாள். எடுக்கணும் என்றார். பிரம்பு பூஞ்சை பிடிக்கும், அதிலிருந்து சீட்டுத் துணிக்கு ஏறும். பிறகு சாய்மானத்தைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கும் சரசரப்பு கேட்டது. முடிச்சு இறுகியிருந்தது போலும், நெடுநேரம் ஆனது. கத்தரிக்கோல் கொண்டு வரட்டுமா என்று ரூமானா கேட்க, வேண்டாம் என்றாள் கரீமா.

கடைசியாக பேட்டரி. பானெட்டைத் திறக்கச் சொல்லி, பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுக்கச் சொன்னார். நிற்கிற காரிலும் கடிகாரமும் கம்ப்யூட்டரும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடித்துக்கொண்டேயிருக்கும். ஒரு நாளைக்குப் பெரிதில்லை, பத்து வாரத்துக்குப் பெரிது. அதனால் கழற்றிவிட வேண்டும். கழற்றும்போது கறுப்பு ஒயர் முதலில். வண்டியின் இரும்பு உடம்பு மொத்தமும் கறுப்பு ஒயரோடு சேர்ந்தது. சிவப்பை முதலில் தொட்டு, ஸ்பேனர் கைதவறி உடம்பில் பட்டால் பொறி பறக்கும். கறுப்பைக் கழற்றிவிட்டால் அப்புறம் எதில் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

இது ஹாதி வந்த மறுநாள் வாங்கிப் போட்ட புது பேட்டரி. பழையதைப் பற்றி இல்லை, இதைப் பற்றித்தானே பேசுகிறோம் என்ற தைரியத்தில் ஜானகிராமன் இருந்தார். அப்போது கரீமா கேட்டாள்.

"மூலையில பழைய பேட்டரி இருக்கே, அத என்னண்ணே செய்யறது?"

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். புது பேட்டரி வாங்கும்போது பழையதைக் கடையிலேயே கொடுத்துவிடுவது வழக்கம். ஹாதியும் கொடுத்திருப்பான் என்றுதான் இருந்தார். அந்த நாளின் அலைச்சலில் அவன் அதைக் கழற்றி ஷெட்டின் மூலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஜானகிராமனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேட்டரியைச் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் தலையிலேயே மார்க்கர் பேனாவால் தேதியும் அளவும் எழுதுவார். அடுத்த முறை பார்க்கும்போது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். ஜூலை பத்தொன்பதாம் தேதி எழுதியதும் அதில் இருக்கும். அளவை மட்டும் எழுதவில்லை என்பது அவருக்கு நினைவிருந்தது.

"அத எங்கிட்ட குடுத்துடுங்கம்மா. பழைய பேட்டரி வீட்ல வெச்சிக்கக் கூடாது, ஆசிட் இருக்கும்" என்றார். அது உண்மைதான். இந்த இரண்டு மாதத்தில் அவர் சொன்ன எல்லாமே உண்மைதான்.

ரூமானா அதைத் தூக்கக் குனிந்த சத்தம் கேட்டது. இரு என்றாள் கரீமா.

"அண்ணே, உங்க கிட்ட ஒண்ணு கேக்கணும். இதுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன்."

சொல்லுங்க என்றார்.

அவள் சொன்னது இது. ஆகஸ்ட் நாலாம் தேதி சாயந்திரம் தவளக்குப்பத்தில் தங்கை வீட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போயிருந்தாள். திரும்பும்போது ஒன்பது மணி. இரண்டு கையிலும் சாமான். பின்கதவை இடுப்பால் இடித்துச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவு முழுசாகச் சாத்திக்கொள்ளவில்லை. காருக்குள் மேலே இருக்கும் சின்ன விளக்கு விடிய விடிய எரிந்திருக்கிறது. ஹாதி வந்து பார்த்து, கதவு தெறந்திருந்திருக்கு, லைட் எரிஞ்சே பேட்டரி எறங்கிடுச்சு என்றான். யார் திறந்துவிட்டது என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"யார் கிட்டயும் சொல்லல. இவளுக்கே இப்பத்தான் தெரியும். தொழுது முடிச்சா அந்தக் கதவுதான் வந்து நிக்கிது. ஒரு சின்ன லைட்டுண்ணே. அது எரிஞ்சா வண்டி ஸ்டார்ட் ஆகாதா? உங்களுக்கு எல்லாம் தெரியும். எனக்கு ஆறுதலுக்குச் சொல்ல வேணாம். உள்ளத சொல்லுங்க."

மூலையிலிருந்து ரூமானா எழுந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

ஆகாதும்மா என்று ஒரு சொல் சொன்னால் தீர்ந்தது. அது பலருக்கும் நடப்பதுதான், நம்பக்கூடியதுதான். பழைய பேட்டரி பத்து கிலோ, ஸ்கூட்டரின் காலடியில் வைத்துக்கொண்டு போய்விடலாம். போர்வைக்குப் பின்னால் அவள் அந்தக் கதவை ஆயுசு முழுக்கச் சாத்திக்கொண்டிருப்பாள். ஜானகிராமன் இதையெல்லாம் வரிசையாக யோசித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் வாய் திறந்தபோது அது கணக்கில்தான் ஆரம்பித்தது. அவருக்குத் தெரிந்த பேச்சு அது ஒன்றுதான்.

அந்த விளக்கு பத்து வாட் என்றார். பேட்டரி பன்னிரண்டு வோல்ட். மின்சாரத்தைத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், விளக்கு குடிப்பது மணிக்கு ஒரு குடம்கூட இல்லை, முக்கால் குடத்துக்குக் கொஞ்சம் மேலே. ராத்திரி ஒன்பதிலிருந்து மூன்றரை வரை ஆறரை மணி நேரம். ஆறு குடத்துக்கு மேல் போயிருக்காது. இந்த வண்டியின் பேட்டரி முப்பத்தைந்து குடம் பிடிக்கிற தொட்டி. ஆறு குடம் எடுத்தாலும் மிச்சம் இருபத்தொன்பது. சாவியைத் திருப்பினால் எஞ்சினைச் சுற்றிவிட அதில் அரைக் குடம்கூட ஆகாது.

"நல்ல பேட்டரியா இருந்தா ஸ்டார்ட் ஆயிருக்கும்மா."

"அப்ப இது நல்ல பேட்டரி இல்லியா?"

"இல்ல. வயசாயிட்டா தொட்டிக்குள்ள வண்டல் ஏறிடும். வெளிய பாத்தா அதே தொட்டிதான். உள்ள பத்து குடம் நிக்கிறதே பெரிசு. ஆறு போனா, மிச்சம் இருக்கற தண்ணிக்கு வேகம் இருக்காது."

இங்கே நிறுத்தியிருக்கலாம். இதுவரை சொன்னதும் உண்மை, கேட்டதற்குப் பதிலும் ஆகிவிட்டது, அவள் மேலிருந்த பாரமும் இறங்கியிருக்கும். அவரும் நிறுத்தத்தான் பார்த்தார். கரீமா விடவில்லை. குரல் முன்னைவிடத் தாழ்ந்திருந்தது.

"வண்டல் ஏறியிருக்குன்னு யாருக்காவது தெரிஞ்சிருந்துதா?"

தெருவில் ஒரு மீன்காரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். அவள் முனை திரும்பும் வரை பார்த்துவிட்டு ஜானகிராமன் சொன்னார்.

"பேட்டரி தலையில எழுதியிருக்கும். தூசியத் தொடச்சிட்டுப் படிங்க."

துணியால் தேய்க்கும் சத்தம் கேட்டது. கரீமா மெதுவாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி படித்தாள். ஜனவரி பதினொண்ணு, பத்து புள்ளி ஒண்ணு. ஏப்ரல் இருவது, ஒம்பது புள்ளி ஏழு. ஜூலை பத்தொம்பது, ஒம்பது புள்ளி ரெண்டு.

"அதுக்குப் பக்கத்துல ஏதோ எழுதியிருக்கு. தீபாவளி வரைன்னு. இது யார் எழுத்து?"

"என் எழுத்து."

அவர் விளக்கினார். விளக்காமல் இருக்க அவரால் முடியவில்லை, இந்த விஷயத்தில் விளக்கம் ஒன்றைத்தான் அவரால் கொடுக்க முடிந்தது. மூட்டை தூக்குகிறவன் தோளில் மூட்டையை வைத்தால் எவ்வளவு குனிகிறான் என்று பார்ப்போம் இல்லையா, சாவியைத் திருப்பும்போது பேட்டரி அப்படிக் குனியும். பத்து வோல்ட்டுக்குக் குனிந்தால் நல்ல ஆள். ஒன்பது புள்ளி ஆறுக்குக் கீழே குனிந்தால் மாற்றிவிட வேண்டும், அதுதான் கணக்கு. இது ஒன்பது புள்ளி இரண்டு. எந்த மெக்கானிக்காக இருந்தாலும் மாற்றச் சொல்லியிருப்பான். அவர் மட்டும், வெயில் காலத்தில் எஞ்சின் சுலபமாகச் சுற்றும், எந்த விளக்கையும் எரியவிடாமல் ஓட்டினால் தீபாவளி வரைக்கும் வரும் என்று கணக்குப் போட்டார். ஒரு விளக்கு ஒரு ராத்திரி எரியலாம் என்பதற்கு அந்தக் கணக்கில் இடம் வைக்கவில்லை.

"பாய் கேட்டாரும்மா, மாத்திடலாமான்னு. நான்தான் வேணாம்னேன்."

போர்வைக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. காலையிலிருந்து காற்றுச் சீறலையும் செருப்பு நடையையும் வைத்தே எல்லாம் தெரிந்துகொண்டிருந்தவருக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை. அவள் நிற்கிறாளா, உட்கார்ந்துவிட்டாளா, உள்ளே போய்விட்டாளா? எழுந்து நிற்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் பாதி எழுந்தபடி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். போர்வையின் ஓரத்துக்குக் கீழே ரூமானாவின் கால் தெரிந்தது. அது அசையவில்லை.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க" என்றாள் கரீமா கடைசியில். "அந்த லைட்டு விடிய விடிய எரிஞ்சிருந்தாலும், புது பேட்டரியா இருந்தா ஸ்டார்ட் ஆயிருக்குமா?"

"ஆயிருக்கும். சந்தேகமே இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமாம்மா."

அவள் அழுதாள். அடக்கி அழும் அழுகை இல்லை, மூச்சு முட்டி வரும் அழுகை. ரூமானாவின் கால் போர்வையோரத்திலிருந்து விலகி உள்ளே போனது. ஜானகிராமன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுபடி குரல் வந்தபோது அது சீராக இருந்தது.

"ரெண்டு மாசமா எங்கயாவது கார் கதவு சாத்துற சத்தம் கேட்டாலும் எனக்கு ஒடம்பு நடுங்கும். இனிமே நடுங்காதுன்னு நெனக்கிறேன். நீங்க சொல்லாமயே போயிருக்கலாம், எனக்குத் தெரிஞ்சிருக்காது. சொன்னீங்க. அதுக்கு அல்லா உங்களுக்கு நல்லது செய்யட்டும்."

அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ஆனா இனிமே இந்த வண்டிக்கு நீங்க வர வேணாம்ணே. உங்க மேல கோவம்னு இல்ல. கோவமும் இருக்கு. உங்களப் பாத்தா எனக்கு அந்த எழுத்துதான் தெரியும்."

"சரிம்மா" என்றார் ஜானகிராமன்.

வேலை பாக்கி இருந்தது. கறுப்பு ஒயரின் நட்டைக் கரீமாவே இளக்கினாள். முதலில் ஸ்பேனரை வலது பக்கம் திருப்பினாள். இடது பக்கம் என்று சொல்ல அவர் நினைத்து முடிப்பதற்குள் தானே மாற்றித் திருப்பினாள். ஒயரை இழுத்து, பேட்டரியில் மறுபடி படாதபடி ஒரு துணியைச் சுற்றி ஒதுக்கினாள். உறையைப் போட வேண்டும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும், பருத்தித் துணி என்றால் மூச்சு விடும் என்று அவர் சொன்னார். இரண்டு பழைய பெட்ஷீட்டைச் சேர்த்து ரூமானா தைத்து வைத்திருந்தாள். அதை இருவரும் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும் சத்தம் கேட்டது.

டிசம்பரில் வண்டியை வெளியே எடுக்கும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடச் சொன்னாள் கரீமா. வேறு ஆள் வருவார், அவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? ரூமானா வெளியே வந்து, போனில் பதிவுப் பொத்தானை அழுத்தி அவர் முன்னால் நீட்டினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

யாரென்று தெரியாத ஒரு மெக்கானிக்கிடம் ஜானகிராமன் பேச ஆரம்பித்தார். புகைபோக்கித் துணியை முதலில் எடுத்துவிடுங்கள் என்றார். பானெட்டைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். காற்றை முப்பத்து மூன்றுக்கு இறக்குங்கள். ஒயரை மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். சாவியைப் பாதி திருப்பி மூன்று எண்ணுங்கள், பெட்ரோல் ஏறிவரட்டும். ஸ்டார்ட் செய்தால் உடனே அணைக்காதீர்கள், இருபது நிமிடம் ஓடட்டும். முதலில் உருளும்போது பிரேக்கில் கரகரவென்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம், மேல் துருதான், பத்து அழுத்தலில் போய்விடும்.

அதோடு முடித்திருக்க வேண்டும். ஆனால் அந்த வண்டியைப் பற்றி அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் இருந்தன. குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது கியர் உடனே விழாது, ஒரு நொடி நிறுத்திப் போட வேண்டும். இடது பின்கண்ணாடியை முழுக்க இறக்கினால் ஏறாது. ரேடியேட்டர் மூடியை இரண்டாவது சொடுக்கு கேட்கும் வரை திருப்ப வேண்டும், முதல் சொடுக்கில் விட்டால் தண்ணீர் கசியும். பின்கதவு ஒரு முறை சாத்தினால் பிடிக்காது, இரண்டாம் முறை அழுத்த வேண்டும், அந்தப் பூட்டை மாற்றிவிடுங்கள். ஒவ்வொன்றாகச் சொன்னார். ரூமானாவின் கை வலித்திருக்கும், மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். போர்வைக்குப் பின்னாலும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

சொல்ல வேறொன்றும் இல்லாமல் போனது. எந்த வண்டியை யாரிடம் ஒப்படைத்தாலும் அவர் கடைசியாகச் சொல்லும் ஒன்று உண்டு. ஏதாவது சந்தேகம் வந்தால் எந்த நேரமானாலும் ஒரு போன் போடுங்கள் என்பார். அது நாக்கு வரை வந்துவிட்டது. போனின் திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அவ்ளோதாம்மா" என்று ரூமானாவிடம் சொன்னார்.